மருந்துத் துண்டும் மக்கள் கணக்கும்

‘கண்காணிப்பு’ என்ற சொல்லை நம்மில் பலர் விரும்புவதில்லை. மலையகத் தோட்டங்களில் ‘கங்காணி’ என்று திரிந்து வழங்கியது இதே சொல்தான். பிரம்போடு நிற்கும் ஓர் உருவத்தை அது மனதில் கொண்டுவருகிறது. அரபு மரபில் இதற்கு நெருக்கமான சொல் ‘ஹிஸ்பா’. நாம் அன்றாடம் புழங்கும் ‘ஹிஸாப்’ என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. அதட்டுவதல்ல, கணக்குக் கேட்பதே கண்காணிப்பு என்ற பொருள் அங்கே நமக்குக் கிடைக்கிறது. அரசின் சுகாதார சேவையை யார் கண்காணிக்கிறார்கள், அதில் நமக்கு என்ன பங்கு என்பதை இந்தப் பொருளில் நின்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முஸ்லிம் நகரங்களில் ஹிஸ்பாவுக்குப் பொறுப்பானவர் முஹ்தஸிப். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்-ஷைஸரீ, முஹ்தஸிப்களுக்காக எழுதிய கையேட்டில் மருந்து விற்போருக்கும் பாணி காய்ச்சுவோருக்கும் வைத்தியருக்கும் தனித்தனி அத்தியாயங்கள் ஒதுக்கினார். எந்த மருந்தில் எதைக் கலப்பார்கள், கலப்படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் அதில் உண்டு. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய பெரிய மருத்துவமனை வக்பு வருமானத்தில் இயங்கியது. நோயாளிக்குச் சிகிச்சை இலவசம். வக்பு வருமானத்துக்கோ பொறுப்பான ஒரு நாளிர் இருந்தார். தர்மமும் கணக்கும் அங்கே ஒன்றாகவே நடந்தன.

இனி நமது கரைக்கு வருவோம். கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை ‘வெளியில வாங்குங்க’ என்ற இரண்டு சொற்களைக் கேட்காத குடும்பம் அரிது. கிளினிக்கில் மருந்து முடிந்திருக்கும். கையில் ஒரு துண்டு தருவார்கள். அன்று கடலுக்குப் போகாமல் வந்தவருக்கு ஒருநாள் உழைப்பு ஏற்கெனவே போயிருக்கும். அதற்கு மேல் பாமசியில் காசு. இயலாதவர்களுக்காக ஜும்ஆவுக்குப் பின் வசூல் நடக்கும். வெளிநாட்டிலுள்ள ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்புவார்கள். இது நமது சமூகத்தின் நல்ல குணம். ஆனால், அந்த மருந்து ஏன் முடிந்தது என்ற கேள்வியை வசூலின்போது யாரும் கேட்பதில்லை.

ஒரே மருந்து, பல பெயர்

முதலில் துண்டில் எழுதப்படும் பெயரைப் பார்ப்போம். ‘பனடோல்’ என்பது வியாபாரப் பெயர். உள்ளே இருப்பது பரசிட்டமோல். அதே பரசிட்டமோலை வேறு கம்பனிகள் வேறு பெயர்களில் விற்கின்றன. குணம் ஒன்று, விலை பல. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் ஆயுள் முழுக்க மருந்து எடுப்போருக்கு இந்த வித்தியாசம் மாதாமாதம் பெரிய சுமை. காசு மட்டுமல்ல, உயிரும் இதில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு மாமி, அரச கிளினிக்கில் கொடுத்த லோசார்டனையும், தனியார் வைத்தியர் ஒருவர் எழுதிக் கொடுத்த வேறு பெயருள்ள குளிசையையும் சேர்த்தே விழுங்கி வந்தார். இரண்டும் ஒரே மருந்து. என்னிடம் படிக்கும் அவருடைய பேத்தி பெட்டியிலிருந்த சின்ன எழுத்தை வாசித்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

இந்தச் சிக்கலை உலகில் முதலில் சீராகக் கையாண்ட நாடுகளில் ஒன்று இலங்கை என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே (1920 - 1977). அவரும் வைத்தியரும் இடதுசாரித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் நாட்டின் மருந்து விவகாரம் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் பயனாக அரச மருந்துக் கூட்டுத்தாபனம் பிறந்தது. பிபிலே அதன் முதல் தலைவரானார். இறக்குமதியான ஏறக்குறைய 2,100 வகை மருந்துகள், தேவையானவை எவை என்று பார்த்துப் பார்த்து, சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கியதால் விலை இறங்கியது. வியாபாரப் பெயருக்குப் பதிலாக மருந்தின் சொந்தப் பெயரை எழுதுமாறு வைத்தியர்கள் ஊக்குவிக்கப்பட்டார்கள்.

பெரிய கம்பனிகள் இதை எதிர்த்தன. அமெரிக்கத் தூதுவர் வரை தலையிட்டதாகப் பதிவுகள் உள்ளன. பிபிலே 1977 செப்டெம்பரில், ஐ.நா. பணியில் கயானா சென்றிருந்த இடத்தில் காலமானார். அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூடி, அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது பட்டியலைத் தயாரித்தது. 1982இல் பங்களாதேஷ் இதே வழியில் துணிந்து, தேவையற்றவை என்று 1,700க்கும் மேற்பட்ட மருந்து வகைகளை நீக்கியது. இன்று அந்த நாடு தனக்கு வேண்டிய மருந்தில் பெரும்பகுதியைத் தானே தயாரிக்கிறது. வழிகாட்டிய நாமோ பெரும்பகுதியை இன்னும் இறக்குமதிதான் செய்கிறோம்.

சட்டமும் அதன் சன்னலும்

பிபிலே மறைந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகு, 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி அமைந்ததுதான் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை. ஒரு மருந்து நாட்டுக்குள் வர வேண்டுமானால் அதன் தரம், பாதுகாப்பு, பயன் ஆகியவற்றைப் பார்த்து அங்கே பதிவு செய்ய வேண்டும். வைத்தியர் துண்டில் மருந்தின் சொந்தப் பெயரை எழுதியாக வேண்டும். விரும்பினால் வியாபாரப் பெயரையும் சேர்க்கலாம் என்கிறது அச்சட்டம். 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலையும் விதிக்கப்பட்டது.

கதவை இறுக்கிய அதே சட்டத்தில் ஒரு சன்னலும் உண்டு. அதுதான் 109ஆம் பிரிவு. உயிர் காக்க, தொற்றுநோயைத் தடுக்க, தேசிய அவசர நிலையைச் சமாளிக்க என்ற விசேட காரணங்களுக்காகப் பதிவில்லாத மருந்தையும் குறிப்பிட்ட அளவில் கொண்டுவர அனுமதிக்கலாம். இப்படியொரு ஏற்பாடு தேவைதான். 2022இல் டொலர் இல்லாமல் வைத்தியசாலைகளில் மருந்து வற்றியபோது அவசரம் உண்மையானது. ஆனால், அவசரம் நீளும்போது விதிவிலக்கே வழக்கமாகிவிடும்.

2023இல் வெளிவந்த இம்யுனோகுளோபுலின் விவகாரம் இதைக் காட்டியது. போலி ஆவணங்களோடு, தரமற்ற மருந்து அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. கொள்வனவு நடந்த காலத்தில் சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைது செய்யப்பட்டார். குற்றவாளி யார் என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சந்தேகம் முதலில் எழுந்தது நோயாளியின் கட்டிலருகே, மருந்து ஏற்றியபின் உடம்பில் கண்ட மாற்றத்தால். மேலே இருந்த அத்தனை கண்களும் பார்க்காததைக் கீழே இருந்தவர்கள் பார்த்தார்கள்.

காசு எந்த வழியால் வருகிறது

‘ஆஸ்பத்திரியில ஒண்டுமில்ல’ என்று குறைபடும்போது யாரை நோக்கிச் சொல்கிறோம் என்பது நமக்கே தெளிவில்லை. 1987இன் 13ஆம் திருத்தத்துக்குப் பின் சுகாதாரத்துக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். போதனா வைத்தியசாலைகளும் வேறு சில பெரிய வைத்தியசாலைகளும் கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சின் கீழ். ஏனையவை மாகாண சபையின் கீழ். நமக்கு அது குருநாகலிலுள்ள வடமேல் மாகாண நிருவாகம். கட்டடம், ஆளணி, திருத்த வேலை பற்றிய கேள்வி அந்தந்த வீட்டுக்காரருக்குப் போக வேண்டும். மருந்து மட்டும், வைத்தியசாலை யாருடையதாக இருந்தாலும், பெரும்பாலும் கொழும்பின் மருத்துவ வழங்கல் பிரிவிலிருந்தே மாவட்டக் களஞ்சியம் வழியாக வருகிறது. அது முடிந்துபோனால் வைத்தியசாலை தன் கைக்காசில் சிறிதளவு ‘உள்ளூர்க் கொள்வனவு’ செய்யலாம். சில்லறையாக வாங்குவதால் அதன் விலை கூடும்.

மாகாணத்துக்கு எவ்வளவு பணம் என்பதை நிதி ஆணைக்குழு பரிந்துரைக்கிறது. சனத்தொகை, தலா வருமானம், ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் தேவை ஆகியவற்றை அது கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. ஆகவே யார் எங்கே எண்ணப்படுகிறார் என்பது வெறும் புள்ளிவிபரமல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மிகப் பெரும் பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில்தான் குடியேறினார்கள். வாக்குப் பதிவு வடக்கில், பிள்ளை பிறந்தது புத்தளத்தில் என்று ஒரு தலைமுறையே வாழ்ந்தது. ஒரே வார்ட்டையும் ஒரே கிளினிக் வரிசையையும் இரு சாராரும் பகிர்ந்துகொண்டபோது மனக்கசப்புகள் வந்ததை மறைக்கத் தேவையில்லை. தங்களுக்குப் போதாமல் போனது அடுத்தவர் வந்ததால் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். இத்தனை பேருக்கு இந்த ஒதுக்கீடு எப்படிப் போதும் என்று இருவரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இன்னொன்று. வடமேல் மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தேர்தல் நடக்காமலே ஆண்டுகள் ஓடின. ஆளுநரும் அதிகாரிகளும் நிருவாகத்தைக் கொண்டுசெல்கிறார்கள்; ஆனால் வரவு செலவுத் திட்டத்தை வாதிட்டு, ‘எங்கட வைத்தியசாலைக்கு எங்கே?’ என்று எழுந்து கேட்க நாம் தெரிவுசெய்த உறுப்பினர் எவரும் அந்தக் கதிரைகளில் இல்லை. கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கைகள் வருகின்றன. பாராளுமன்றத்தின் கோபா குழு அமைச்சுகளையும் மாகாணங்களையும், கோப் குழு கூட்டுத்தாபனங்களையும் விசாரிக்கின்றன. இவை பயனுள்ளவை, ஆனால், பெரும்பாலும் செலவு முடிந்த பிறகு நடப்பவை.

நம் கையிலுள்ள கருவி

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரஜையும் அரச நிறுவனம் ஒன்றின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாய்மூலம் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை. தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அதன் பின் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

கேள்வி சிறிதாகவும் திட்டமாகவும் இருக்க வேண்டும். ‘ஏன் கவனிப்பதில்லை?’ என்று கேட்டால் பதில் வராது. ‘கடந்த 12 மாதங்களில் எந்தெந்த மருந்துகள் எத்தனை நாள் கையிருப்பில் இல்லை? உள்ளூர்க் கொள்வனவுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது? நன்கொடையாக வந்த இயந்திரங்களில் எத்தனை இயங்குகின்றன?’ என்று கேட்டால், பதிலாக வருவது ஒரு பட்டியல். பட்டியலோடு பேசும்போது நல்ல வைத்தியருக்கும் தாதிக்கும் நாம் எதிரியல்ல, துணை. மருந்தில்லாமல் நோயாளியின் முகத்தைப் பார்த்து நிற்பவர்களும் அவர்கள்தானே.

ஆதாரம் கேட்பது நமக்குப் புதிதல்ல. 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டபோது, ‘உலக சுகாதார நிறுவனமே அடக்கலாம் என்கிறதே, உங்கள் நிபுணர் குழுவின் ஆதாரம் எங்கே?’ என்று பள்ளிவாசல் முதல் உயர் நீதிமன்றம் வரை கேட்டோம். 2021 பெப்ரவரியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்பும் கோரியது. மையித்துக்காக அப்படிக் கேட்ட சமூகம், கிளினிக் வரிசையில் உயிரோடு நிற்பவருக்காகவும் கேட்க வேண்டாமா? அன்று கேட்ட கேள்வி நம் ஜனாஸாக்களைப் பற்றியது. இது அதே வரிசையில் நிற்கும் சிங்கள, தமிழ், கத்தோலிக்க அயலவருக்கும் சேர்த்துக் கேட்பது.

வசூலை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. இன்று மருந்து வேண்டியவருக்கு இன்றே கொடுக்கத்தான் வேண்டும். ஆனால், அரசு ஒதுக்கிய பணம் எங்கோ ஒழுகிப் போக, அந்த ஓட்டையை நமது ஸதகாவால் மாதாமாதம் அடைத்துக்கொண்டிருந்தால், ஓட்டை யாருடைய கண்ணிலும் படாது. ஆகவே ஒவ்வொரு பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் ஒரு யோசனை. மருந்துக்கு உதவி கேட்டு வரும் துண்டுகளை, ஆளின் பெயரை விட்டுவிட்டு, மருந்தின் பெயர், திகதி, விலை என்று ஒரு கொப்பியில் பதியுங்கள். ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் இருவர் போதும். மூன்று மாதத்தில் எந்த மருந்து திரும்பத் திரும்ப வெளியில் வாங்கப்படுகிறது என்பது தெரிந்துவிடும். அந்தக் கொப்பியோடு வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவுக்குப் போங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்.