விமானி உத்தியோகத்துக்கு ஒரு விண்ணப்பம்

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு வாலிபர் விமானியாக விரும்பினால், பெற்றோர் நகையையும் காணியையும் பயிற்சிச் செலவுக்கு ஈடுவைக்க நேரலாம். அத்துணைச் செலவிட்ட பின் விண்ணப்பத்தில் தவறலாமா? அதில் அலங்காரம் வேண்டா; கணக்கே வேண்டும் என்போம் நாம்.

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம், முதலாம் வகுப்பு மருத்துவச் சான்று, நான்காம் படிக்குக் குறையாத ஆங்கிலத் தேர்ச்சி, மொத்தப் பறப்பு மணித்தியாலங்கள், அவற்றுள் தலைமை விமானியாகப் பறந்தவை, இரட்டை எஞ்சின் விமானத்திற் பறந்தவை ஆகியன சுயவிபரக் கோவையின் முதற் பக்கத்திலேயே நிற்றல் வேண்டும். பள்ளிப் பரிசுகள் பின்னே வரட்டும். 200 மணித்தியாலத்தை 250 என்று எழுதற்க. பறப்புப் பதிவேட்டைக் கேட்பார்கள்.

உடன் செல்லும் கடிதம் ஒரு பக்கத்தை மீறலாகாது. சிறுவயதுக் கனவை எல்லாரும் எழுதுகின்றனர்! அந்நிறுவனத்தின் எவ்விமானத்துக்கு விண்ணப்பிக்கிறீர், என்று சேர இயலும் என்பவற்றைக் கூறுக.

1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டமையால், இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் புத்தளத்திற் பிறந்தனர். பிறந்த இடமும் நிரந்தர முகவரியும் வேறுபடின் ஒரு வரியில் விளக்கினாற் போதும். ஆனால் பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயரின் எழுத்து வேறுபடுமாயின், விண்ணப்பிக்குமுன் திருத்திக்கொள்க.