வறட்சிக்கு இலையில் அடிக்கும் மருந்து: எது ஆகும், எது ஆகாது?

பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களுக்கு ஆனி மாதம் தொடங்கிப் புரட்டாதி வரை மலை எப்படி இருக்கும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. மேற்குப் பக்கத்தில் மழை கொட்டும். நம் பக்கம் கச்சான் காற்றுத்தான் வரும். பீலித் தண்ணீர் நூலாகும், கூடை நிறையாது. ஆனால் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்த மணமும் இதே காற்றில்தான் ஊறுகிறது. செடி வாடும்போது இலையில் உண்டாகும் வாசப் பொருட்களில் ஒன்று, மூட்டு வலிக்குப் பூசும் தைலத்தில் மணக்கிறதே, அதே பொருள்தான்! வாசம் கூடக்கூட நம் நிறுவை குறைகிறது. காய்ச்சல் அளவு மீறினால் யாருக்கும் லாபமில்லை. 1991ல் சுமார் 24 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 1992 வறட்சியில் 18 கோடிக்கு இறங்கியது.

"இலைக்கு ஏதோ ஹோர்மோன் மருந்து இருக்காமே, அடிச்சா வறட்சி தாங்குமாமே" என்று பலர் எங்களிடம் கேட்கிறார்கள். இருப்பது உண்மை. ஆனால் அது என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தேயிலை இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. செடி குடித்த தண்ணீர் ஆவியாகப் போவதும், சாப்பாடு செய்யக் காற்று உள்ளே வருவதும் அவற்றின் வழியாகத்தான். மண் காய்ந்ததும் செடி தானாகவே அப்சிசிக் அமிலம் என்றொரு பொருளைச் சுரக்கும். வாசலைக் காக்கும் கலங்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறி வாசல் சாத்திக்கொள்ளும். 1960களில், பருத்திக் காய் ஏன் உதிர்கிறது என்று அமெரிக்காவில் தேடியவர்கள் கண்டுபிடித்தவற்றில் ஒன்று இது. வாசலைச் சாத்தினால் தண்ணீர் மிஞ்சும், சாப்பாடும் நின்றுபோகும். ஆகவே செடியையும் காப்பாற்றி, அதே வாரத்தில் கொழுந்தையும் கூட்டித்தரும் மருந்து கிடையாது. அப்படிச் சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

இலை மருந்துகளில் தள்ளிவிடுவதும் உண்டு, அடக்கி வைப்பதும் உண்டு. ஜிபரெலின் தள்ளிவிடும் சாதி. காய்ந்த மண்ணில் அதை அடித்துத் தளிர் விட்டால், வேரால் கொடுக்க முடியாத தண்ணீரை அந்தத் தளிர் கேட்கும். சைக்கோசெல் போன்றவை தண்டின் நீளத்தை அடக்குபவை. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் மானாவாரிப் பயிர்களுக்கு வேறொன்று சொல்கிறார்கள். இலையில் இயற்கையாகவே வாழும் இளஞ்சிவப்பு நிற நுண்ணுயிரை வளர்த்து, 100 லீற்றர் தண்ணீருக்கு 1 லீற்றர் என்று தெளிப்பது. அந்த நுண்ணுயிர் செடிக்கு வேண்டிய ஹோர்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்.

நெல்லுக்கும் உளுந்துக்கும் ஆகிற மருந்தெல்லாம் தேயிலைக்கு ஆகாது. நாம் பறிக்கிற இலையே நாளை கோப்பையில் ஊறுகிறது. இலையில் மருந்து மிச்சம் இருந்தால் வாங்குகிற நாட்டில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சிபாரிசு செய்யாத எதையும் மலையில் அடிக்கக் கூடாது. சிபாரிசு செய்ததையும் மண்ணில் ஈரம் இருக்கும்போதே, கச்சானுக்கு முன்னால், வெயில் ஏறாத நேரத்தில் அடித்தால்தான் பலன். இலை கருகிய பிறகு அடிப்பது பணத்தைக் காற்றில் விடுவதுதான். மருந்தடிப்பவர் கையுறையும் முகமூடியும் கேட்டு வாங்க வேண்டும். மருந்தடித்த மலையில், குறித்த நாள் கழியும் வரை கொழுந்து எடுக்கக் கூடாது.

உண்மையில் வறட்சியைத் தாங்குவது வேர். பழைய விதைத் தேயிலைக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும். கிளை வெட்டி நட்ட வீ.பி. தேயிலைக்கு அப்படி இல்லை. அதிலும் 2025 என்ற இனம் தாங்கும், 2023 சீக்கிரம் வாடிவிடும். வறட்சிக்கு முன் மானாப் புல் பரப்புவது, நிழல் மரத்தைக் கண்டபடி வெட்டாமல் விடுவது, வேரில் மாச்சத்து இல்லாத செடியைக் கவ்வாத்துப் பண்ணாமல் இருப்பது, இதெல்லாம் எந்தப் போத்தலையும் விடப் பெரிய காரியம். புல் பரப்பச் சொன்னால் "வீண் வேலை" என்று சிலர் முணுமுணுப்பதும் எங்கள் காதில் விழத்தான் செய்கிறது. கொழுந்து இல்லாவிட்டால் பேர் போடும் நாளும் குறையும் அல்லவா?

லயத்துக்குப் பக்கத்தில் போஞ்சி, கோவா, தக்காளி போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021ல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பசளை கிடைக்காத நேரத்தில்தான் கண்ட போத்தலும் கைக்கு வரும். என்ன மருந்து, எந்தப் பயிருக்கு, எத்தனை மில்லி, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபலில் இல்லாத போத்தலை வாங்கவே வேண்டாம். எழுத்து வாசிக்கச் சிரமமானால் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் போத்தலோடு கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். வாங்கிய பிறகு அல்ல, கடைக்காரரிடம் காசு கொடுக்கும் முன்.