கரிக் கப்பலின் ஏணி

வெண்ணந்தூரில் தறி நின்றால் முதலில் திட்டு வாங்குவது மின்வாரியம். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு 1,440 மெகாவாட் திறன் கொண்ட மேட்டூர் அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறது. அங்கே எரியும் கரியில் கணிசமான பகுதி ஒடிசாவின் தால்சேரில் வெட்டப்பட்டு, பாராதீப்பில் கப்பலேறி, 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர் துறைமுகத்தில் இறங்கி, சரக்கு ரயிலில் மேட்டூர் சேர்கிறது. கடல் காற்றே படாத நம் ஊரின் தறிச் சத்தத்துக்குப் பின்னால் கப்பல் ஆட்களின் உழைப்பும் இருக்கிறது. அந்த உழைப்பில் ஆட்கள் விழுந்து முடமாவது மட்டும் இங்கே யார் காதுக்கும் எட்டுவதில்லை.

கப்பலின் சரக்கறையை 'ஹோல்டு' என்பார்கள். பெரிய கரிக் கப்பலில் அது மேல்தளத்திலிருந்து அடிவரை பதினைந்து மீட்டருக்கு மேல் ஆழம். ஐந்து மாடி உயரம். இறங்க இரும்பு ஏணிதான் வழி. துறைமுகத்தில் கரி அள்ளும் கிராப் பல டன் எடையுள்ளது. அது ஆடி வந்து இடித்தால் ஏணியின் படி வளையும், கைப்பிடி பெயரும். கரி இறக்கி முடிந்ததும் அதே ஏணியில்தான் ஆட்கள் கழுவ இறங்குகிறார்கள். தண்ணீர் பட்ட கரித்தூள் பூட்ஸுக்கு அடியில் சேறாக வழுக்கும். பக்கச் சட்டங்களின் மேல் தங்கிய கரியைச் சுரண்ட, சாய்த்து வைத்த ஏணியிலோ சாரத்திலோ ஏற வேண்டும். ஒரு கையில் சுரண்டி, மறுகையில் பிடிமானம். கப்பலோ அலையில் உருளும்.

தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேலே வேலை என்றால் அனுமதிச் சீட்டு வேண்டும், விழாமல் தாங்கும் ஹார்னஸ் பட்டை மாட்ட வேண்டும், கீழே ஒருவர் கவனித்து நிற்க வேண்டும் என்பது கப்பல்களில் பொதுவான நடைமுறை. ஆனால் அடுத்த சரக்கு தானியம் என்றால் ஹோல்டு பளிச்சென்று இருக்க வேண்டும். அடுத்த துறைமுகம் சில நாள் தூரம்தான். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு என்று சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. அவசரத்தில் முதலில் பறிபோவது அதுதான். தூக்கம் கெட்டவனை வளைந்த ஏணியில் ஏற்றிவிட்டு, விழுந்தபின் 'கவனக்குறைவு' என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் ஊர் ஊராகப் போய்ப் பழகிய மாவட்டம் நம்முடையது. கப்பல் வேலைக்கும் பிள்ளைகளை அனுப்பத் தயங்காது. அனுப்புகிற பெற்றோர் சிலவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். மேற்சொன்ன உடன்படிக்கையை இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலையில் காயம்பட்டவரின் மருத்துவச் செலவும், ஊர் திரும்பும் செலவும் கப்பல் முதலாளியுடையவை. மருத்துவச் செலவுப் பொறுப்புக்குக் காலவரம்பு வைத்தாலும், காயம்பட்ட நாளிலிருந்து 16 வாரத்துக்குக் குறையக் கூடாது. நிரந்தர ஊனத்துக்கும் மரணத்துக்கும் இழப்பீட்டுக் காப்பீடு உண்டு. அதன் சான்றிதழைக் கப்பலில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் ஆள் ஊர் திரும்பிய பிறகு. இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் வீட்டில் கடன்காரர் நிற்கும்போது, ஒரு தொகையைக் காட்டி 'இத்தோடு கணக்கு முடிந்தது' என்ற காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் யாருக்கும் கை நீளும். ஒப்பந்தத் தொகையைவிடக் குறைவாக வாங்கிக்கொள்ளும்படி நெருக்கக் கூடாது என்று அதே உடன்படிக்கை வெளிப்படையாகச் சொல்கிறது. ஊனம் எவ்வளவு என்று தீர்மானிக்க நாளாகும் என்றால், குடும்பம் தவிக்காமலிருக்க இடைக்காலத் தொகை தர வேண்டும் என்றும் சொல்கிறது. கப்பலின் பதிவேட்டில் விபத்து எழுதப்பட்டதா, எந்த ஏணி, எத்தனை மணி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைக் காயம்பட்டவர் மறக்குமுன் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். முதல் மருத்துவமனைச் சீட்டையும் எக்ஸ்ரே படங்களையும் அதோடு சேர்த்து வையுங்கள். கையெழுத்தெல்லாம் ஒரு வக்கீலோ கடலோடிகள் சங்கமோ அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்த்த பிறகு.