கழிவு விலையும் கனிந்த முகமும்

வங்காலைக் கடற்கரையிற் பூநாரை காண வந்த என் பழைய மாணாக்கர் ஒருவர், மன்னாரில் விடுதியொன்றில் இணையவழியாக விலைக்கழிவில் அறை பெற்றார். கிடைத்ததோ சமையற்கூடத்தை அடுத்த இருட்டறை. "கழிவு விலைக்கு இந்த அறைதான் ஐயா" என்று முகங் கொடாமல் மொழிந்தாராம் பணியாளர். இது முறையாகுமா?

விலைக்கழிவு கொடையன்று, வாணிகம். இன்றிரவு வெறிதே கிடந்த அறையை நாளை விற்க இயலாது. வலசைப் பறவைகள் அகன்ற பருவத்தில் விடுதிகளைக் காப்பவர் கழிவு விலையில் வருவோரே.

அறை வேறுபடலாம், முழு விலை தந்தவர்க்குக் கடல் நோக்கிய அறையைத் தருவது தவறன்று. ஆனால் அதனை முன்னரே சொல்லுதல் வேண்டும். 2015இல் மீண்டும் தலைமன்னாரை எட்டிய புகைவண்டியிலும் வகுப்புகள் உண்டு. சீட்டே அதனைச் சொல்லிவிடுகிறது.

முகமலர்ச்சிக்கோ வகுப்பில்லை. விருந்தினரை அனிச்சத்தினும் மெல்லியராகக் கண்டவர் வள்ளுவர். திருக்கேதீச்சரத்து மடங்களில் விலை கேளாமலே அடியவர்க்குச் சோறிட்ட மண் இது.

ஆதலின், அறை பதிவோர் அதன் இயல்பைக் கேட்டு எழுத்திற் பெறுக. விடுதியாரே, அறையின் விலையைக் குறையுங்கள். வந்தவரின் மதிப்பைக் குறையாதீர்கள்.