சாட்சியின் பொய்யும் காமிராவின் பொய்யும்

மயிலாப்பூரில் பிறந்த வீணை எஸ். பாலசந்தர், 1954-இல் ஏவி.எம். நிறுவனத்துக்காக ‘அந்த நாள்’ எடுத்தபோது அவருக்கு வயது 27. 1943 அக்டோபரில் சென்னைமேல் ஜப்பானியர் குண்டு வீசிய சமயம், திருவல்லிக்கேணியில் ரேடியோ இன்ஜினீயர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். விசாரிக்க வந்த சி.ஐ.டி. அதிகாரியிடம் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. உடன்பிறந்தவன் கண்ட ராஜன் ஒருவன், ஆசைநாயகி அம்புஜம் கண்டவன் இன்னொருவன், மனைவி உஷா கண்டவன் வேறொருவன். அத்தனை பேரும் சிவாஜிதான்.

ஜப்பானியப் படமான ‘ராஷோமான்’ தந்த தூண்டுதல் அது. அங்கே உண்மை கடைசிவரை பிடிபடாது. இங்கே அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன் (திரைக்கதையும் அவரே) அதைக் கறந்துவிடுகிறார். யாரை நம்பாவிட்டாலும் அவரை நம்பலாம்.

2004-இல் வந்த ‘விருமாண்டி’யில் அப்படியொரு அதிகாரி கிடையாது. சிறைக்குள் ஆவணப்படம் எடுக்க வந்த பெண்ணிடம் கொத்தாளத் தேவர் ஒன்று சொல்கிறார், விருமாண்டி வேறொன்று சொல்கிறான். என்ன, படம் விருமாண்டியாக வரும் கமல் பக்கம் சாய்வதை மறைக்க முடியவில்லை.

2012-இல் ‘பீட்சா’ வந்தபோது காமிராவே பொய்க்கு உடந்தையாகிவிட்டது. டெலிவரி பையன் மைக்கேல் ரத்தக் கறையோடு கடைக்குத் திரும்பி, பேய் பங்களாவில் மாட்டிக்கொண்டதாகச் சொல்கிறான். டார்ச் வெளிச்சம், சடலங்கள் என்று நாம் கண்ணால் பார்த்ததெல்லாம், முதலாளியின் வைரத்தை அமுக்குவதற்காகப் பேய்க்கதை எழுதும் அனுவோடு சேர்ந்து ஜோடித்தவை.

பார்க்கிறவர்களும் மாறிவிட்டார்கள். ‘அந்த நாள்’ முதல் ஓட்டத்தில் சரியாகப் போகவில்லை. கொட்டகையில் ஒரு வசனம் காதில் விழாமல் போனால் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டும். மயிலாப்பூர் கபாலி தியேட்டர் இன்று இல்லை. தி. நகர் ஃபிளாட்டில் சோபாவில் சாய்ந்தபடி, பத்து விநாடி பின்னுக்குத் தள்ளி, யார் எங்கே புளுகினார் என்று பார்த்துக்கொள்கிறோம். இடைவேளைக்கு முன்பே, “இவன் சொல்றதெல்லாம் டூப்பு” என்று கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் பள்ளிப் பிள்ளைகளுக்கே வந்துவிட்டது. ஏமாற்றும் கலை தேர்ந்துவிட்டது, மறுப்பதற்கில்லை.

ஆனாலும் அம்புஜம் பேசி முடிக்கையில் ராஜனைவிட அவளையே அதிகம் தெரிந்துகொண்டிருப்போம். மைக்கேல் பேசி முடித்த பிறகு வைரம் எங்கே போயிற்று என்பதுதான் தெரிகிறது.