நவதாராளவாதம்: தடம் மாறிய ஒரு சொல்

அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும், மற்றதைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற கொள்கையைத்தான் இன்று நவதாராளவாதம் என்கிறோம். ஆனால் 1938-இல் பாரிஸில் கூடிய அறிஞர்களிடையே ஜெர்மானியரான அலெக்சாண்டர் ருஸ்டோவ் இந்தப் பெயரை முன்வைத்தபோது சொன்னது கிட்டத்தட்ட நேர்மாறு: ஏகபோகங்களை அடக்கிப் போட்டியைக் காக்கும் வலுவான அரசு வேண்டும் என்றார். தடையற்ற சந்தையை ஆதரித்த சிகாகோ பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன்கூட 1951-இல் இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்துக் கட்டுரை எழுதியவர். சொல்லின் நிறம் மாறியது சிலியில். 1973-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவத் தளபதி பினோசெட், சிகாகோவில் படித்த பொருளியலாளர்களிடம் பொருளாதாரத்தை ஒப்படைத்தார். விலைக்கட்டுப்பாடுகள் போயின, அரசு நிறுவனங்கள் விற்கப்பட்டன, 1981-இல் ஓய்வூதியமும் தனியார் கைக்குச் சென்றது. (ராணுவத்தினர் மட்டும் தங்கள் பழைய ஓய்வூதியத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்!) விமர்சகர்கள் இந்த மாற்றங்களைக் குறிக்கப் பயன்படுத்திய பிறகே சொல் வசையானது.

ஏறக்குறைய யாருமே தனக்குச் சூட்டிக்கொள்ளாத பெயர் வெறும் வசைதானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மைதான், பிடிக்காத எதன்மீதும் அதை ஒட்டிவிடுகிறார்கள். அதற்காகச் சொல்லையே தூக்கியெறிய வேண்டியதில்லை. தனியார்மயம், கட்டுப்பாட்டுத் தளர்வு, இறக்குமதி வரிக்குறைப்பு எல்லாம் சேர்ந்தே வந்த அந்தத் தொகுப்பைச் சுட்ட ஒரு பெயர் தேவைப்படுகிறது. தவிர, சிலியில் அரசு ஒதுங்கவே இல்லை; தொழிற்சங்கங்களை நசுக்கிச் சந்தைக்கு வழி அமைத்ததே அதுதான். ருஸ்டோவ் கேட்ட வலுவான அரசு, அவர் நினைத்திராத வடிவில் அங்கே வந்து நின்றது.