வாக்களியாமையும் ஒரு வாக்கோ?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பர் பெரியோர். மணப்பேச்சிலே அது பொருந்தலாம், தேர்தலிலே பொருந்துமா? வாக்களியாது வீட்டிலிருந்தவன் வெறுத்தானா, சோம்பினானா, அஞ்சினானா என்பதை எந்த எண்ணிக்கைத் தாளும் கூறுவதில்லை.

1931ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தபோது இந்த ஐயம் எழவில்லை. டொனமூர் திட்டம் சுயராச்சியம் நல்கவில்லை என்று காரணங்கூறியே அது விலகி நின்றது. யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. அதனால் விளைந்தது நன்மையா, தீமையா என்பது வேறு வழக்கு; நோக்கம் யாதென்பது மட்டும் யாவர்க்கும் விளங்கிற்று.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட கோடியிலுள்ள வாகரைக்கு அந்தத் தெளிவு வாய்க்கவில்லை. 2005 நவம்பர் 17ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது அவ்வூர் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. இத்தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறையில்லை என்று புலிகள் முன்னரே அறிவித்திருந்தனர். வாக்களிக்க விரும்பியவர் எல்லை கடந்து அரச பகுதிக்கு வரவேண்டும். மாலையில் அதே வழியாக ஊர் திரும்பவேண்டும். எவருக்கு வாக்களித்தார் என்பது இரகசியமே. ஆனால் வாக்களித்தார் என்பதை விரலில் பூசிய மையே ஊரறியச் சொல்லிவிடும்! சுனாமி அலை அடித்து ஓராண்டு நிறையாத கரையில், வலையையும் தோணியையும் இழந்து நின்றவனுக்கு இந்தப் பயணம் எளிதோ?

யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. மட்டக்களப்பில் வாக்களித்தோர் ஏறக்குறையப் பாதிப்பேர். மஹிந்த ராஜபக்ஷ 1,80,786 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். வடகிழக்கின் மௌனமே முடிவை நிர்ணயித்தது என்பார் பலர். மறு ஆண்டு நவம்பரில் வாகரைக்கு அண்மையிலுள்ள கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்தோர் மீது எறிகணைகள் வீழ்ந்தன. 2007 ஜனவரியில் இராணுவம் வாகரையைக் கைப்பற்றியது. இவற்றுக்கெல்லாம் பகிஷ்கரிப்பே காரணமென்று சொல்ல நாம் துணியோம். ஆயின் அன்று வாகரையார் விரும்பி விலகினரா என்று அவர்களை எவரும் கேட்டதில்லை.

மறுப்பதற்கும் இரகசியம் வேண்டும் என்பதை 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன் பயனாக, எவருக்கும் வாக்கில்லை என்று பதியும் பொத்தானொன்று அங்குள்ள வாக்குப் பொறியில் சேர்ந்தது. நமது வாக்குச் சீட்டில் அதற்கு இடமில்லை. வேண்டுமென்றே பாழாக்கிய சீட்டும், கைதவறிப் பிழையாகக் கீறிய சீட்டும் நிராகரிக்கப்பட்டவை என்ற ஒரே கட்டிலேயே கட்டப்படுகின்றன.